எட்டாவது மாடியிலிருந்து பார்த்த கோட்டை வாசல்

சியோலில் இரவு இரண்டு மணி என்றால் நம் ஊரில் பத்தரை. படுத்து வெகு நேரமாகியும் தூக்கம் வரவில்லை. சும்மா புரண்டுகொண்டு கிடப்பானேன் என்று எழுந்து, விளக்கைப் போடாமல் ஜன்னல் திரையை விலக்கினேன்.

எட்டு மாடிக்குக் கீழே, வண்டிகள் ஓய்ந்துபோன சாலைகளுக்கு நடுவில், அந்த வாசல் மஞ்சள் வெளிச்சத்தில் நின்றிருந்தது. கனமான கல் மேடை, அதன் நடுவே வளைவாக ஒரு திறப்பு. மேலே இரண்டடுக்கு மர மண்டபம், இரண்டு ஓட்டுக் கூரைகள். சுற்றிலும் பார்த்தால் நான் தங்கியிருந்த ஹோட்டலைப் போலவே கண்ணாடியும் கான்கிரீட்டுமான உயரமான கட்டடங்கள்.

ஒருவர் கையில் டார்ச்சோடு வாசலைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். வெளியே மைனஸ் ஒன்பது டிகிரி. தடித்த கோட்டு, காதை மூடிய தொப்பி. ஒரு மூலையில் நின்றார். டார்ச்சை மேலே தூக்கி, கூரையின் அடிப்பக்கத்தில் வெளிச்சத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக ஓட்டினார். அப்புறம் அடுத்த மூலைக்குப் போய் அதையே செய்தார். நாலு மூலையும் முடித்துவிட்டு நிழலுக்குள் மறைந்தார். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பவும் வந்தார். அன்றிரவு அவர் மூன்று முறை சுற்றி வந்ததைப் பார்த்தேன்.

யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாத ஒரு பொருளுக்கு ஏன் இவ்வளவு காவல் என்று எனக்கு அப்போது புரியவில்லை. எனக்கு அதன் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. ஹோட்டல் பதிவு செய்தபோது 'நம்தேமுன் வாசலுக்கு எதிரே' என்று போட்டிருந்தது, அவ்வளவுதான்.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாடு என் வேலை. 1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வந்ததிலிருந்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆட்களுக்குக் கொரியா ஒன்றும் புதிய தேசமில்லை. எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் போய் வந்திருக்கிறார்கள். எனக்கு இது முதல் தடவை. ஞாயிறு இரவு இறங்கி சனிக்கிழமை காலை கிளம்ப வேண்டும். இரண்டு நாள் சியோலிலேயே கூட்டங்கள், மூன்று நாள் ஆன்சான் என்ற தொழில் நகரத்தில் ஆலைச் சோதனை. நான்காம் எண் மெட்ரோவைப் பிடித்தால் வண்டி மாறாமல் ஆன்சான் போய்விடலாம். விமான நிலைய ரயில் சியோல் நிலையத்துக்கே வருகிறது. அங்கிருந்து பத்து நிமிட நடை. வாசலுக்குப் பக்கத்தில் நான் தங்கியதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

அறை சின்னது. கட்டில், எழுதும் பலகை, கெட்டில், இரண்டு ஜோடி செருப்பு. கதவருகே கீ கார்டைச் செருகினால்தான் மின்சாரம். லிஃப்டில் நான்காம் மாடிக்கு எண் இல்லை, ஆங்கில எழுத்து ஒன்றுதான் இருந்தது; அந்த ஊரில் நாலு என்ற உச்சரிப்பும் சாவு என்ற உச்சரிப்பும் ஒன்று. இந்த மாதிரி ஹோட்டல்கள் எனக்குப் பிடிக்கும். வேலைக்கு வந்தவனுக்கு என்ன வேண்டுமோ அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும், மற்றது எதுவும் இருக்காது.

ஆனால் ஜன்னலுக்குக் கீழே இருந்த ஒரு பெட்டியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. திறந்தால் உள்ளே கயிறு சுற்றிய ஒரு சக்கரம், ஒரு கொக்கி, அக்குளுக்குக் கீழே மாட்டிக்கொள்ளும் பட்டை. சுவரில் திருகியிருந்த இரும்புக் கையில் கொக்கியை மாட்டி, பட்டையை அணிந்து, ஜன்னல் வழியாகச் சுவரைப் பார்த்தபடி இறங்க வேண்டும். எப்படி என்று படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். நம் எடையைச் சக்கரம் தாங்கி, ஒரே சீரான வேகத்தில் கீழே விடும். கொரியாவில் மூன்றாம் மாடியிலிருந்து பத்தாம் மாடி வரையுள்ள ஹோட்டல் அறைகளில் இது இருந்தாக வேண்டும். கதவுப் பக்கம் சுவரில் ஒரு டார்ச் மாட்டியிருந்தது. பிடியிலிருந்து எடுத்தாலே எரிகிறது. தொழில் புத்தி, இரண்டையும் பரிசோதித்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். தீயைப் பற்றி இந்த ஊர் யோசித்து வைத்திருக்கிறது என்று மட்டும் மனதில் பட்டது.

மறுநாள் காலை அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு ஜன்னலைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார்.

"ஏம்ப்பா, வாசல் இருக்கு. கோட்டை எங்க?"

நல்ல கேள்வி. கோட்டை வாசல் என்று நாம் சொல்லும்போது கோட்டை முதலில் வருகிறது, வாசல் அப்புறம். இங்கே வாசலின் இரண்டு பக்கமும் கொஞ்ச தூரத்துக்கு வெள்ளைக் கல் மதில் கை நீட்டியது போல நீண்டு, சாலை வந்ததும் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் பேருந்து நிறுத்தம், வங்கி, காபிக் கடை. மதில் என்ன ஆனது என்று அன்றைக்கே தேட ஆரம்பித்தேன். மெட்ரோவில் போக ஒரு மணி, வர ஒரு மணி. அந்த வாரம் முழுக்க அந்த நேரத்தைத் தின்றது இந்த வாசல்தான்.

ஜோசன் அரச வம்சத்தின் முதல் மன்னர் தேஜோ 1394-இல் தலைநகரை இங்கே மாற்றினார். அப்போது இதற்கு ஹன்யாங் என்று பெயர். 1396-இல் நகரைச் சுற்றி நான்கு மலைகளின் முகட்டைத் தொட்டு 18.6 கிலோமீட்டருக்கு மதில் எழுப்பினார்கள். கட்டிய நாட்கள் மொத்தம் 98. குளிர்காலத்தில் 49 நாள், பிறகு இலையுதிர் காலத்தில் 49 நாள். வயல் வேலை கெடாத காலம் பார்த்து நாடெங்கிலுமிருந்து கிட்டத்தட்ட 1,97,400 பேரை வரவழைத்திருக்கிறார்கள். மதிலை அளவாகப் பிரித்து இந்தத் துண்டு இந்த ஊர்க்காரர்கள் பொறுப்பு என்று கொடுத்து, ஊர்ப் பெயரையும் மேற்பார்வை செய்தவர் பெயரையும் கல்லிலேயே செதுக்க வைத்திருக்கிறார்கள். பின்னால் அந்தத் துண்டு சரிந்தால் அந்த ஊர்க்காரர்களே வந்து சரிசெய்ய வேண்டும். எங்கள் ஆலையில் ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டும் தொகுதி எண்ணுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அறுநூறு வருடத்துக்கு முன்னால் கல்லில் வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவே. இதைப் படித்தபோது மெட்ரோவில் உட்கார்ந்தபடியே எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது.

தெற்கு வாசல் 1398-இல் முடிந்தது. நம்தேமுன் என்றால் தெற்குப் பெருவாசல். அது ஊர் வாயில் புழங்கும் பெயர். உண்மையான பெயர் சுங்னியேமுன்; மரியாதையைப் போற்றும் வாசல் என்று அர்த்தம். கிழக்கு வாசலின் பெயரில் இரக்கம் இருக்கிறது, மேற்கு வாசலின் பெயரில் நேர்மை. நகரின் நடுவில் மணி தொங்கும் போசின்காக் என்ற மண்டபத்தின் பெயரில் நம்பிக்கை. கன்ஃபூசிய அறங்களைத் திசைக்கு ஒன்றாக ஊரின் மேலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மற்ற வாசல்களில் பெயர்ப்பலகை படுக்கையாக இருக்கும். இதில் மட்டும் எழுத்துகள் மேலிருந்து கீழாக, பலகை நெட்டுக்குத்தாக நிற்கிறது. தெற்கே இருக்கும் க்வானாக் மலையின் முகடுகள் தீக்கொழுந்து மாதிரி தெரிவதால், அந்த மலையின் நெருப்பு ஊருக்குள் வராமல் தடுக்கத்தான் எழுத்தை இப்படி நிறுத்தினார்கள் என்பது பழைய நம்பிக்கை. எழுதியது சேஜோங் மன்னரின் அண்ணன் யாங்னியோங் இளவரசர் என்பார்கள். அதே காரணத்துக்காக வாசலுக்கு வெளியே ஒரு குளமும் வெட்டியிருந்தார்கள். இந்த ஊர் நெருப்பை நினைத்துப் பயந்தது நேற்று இன்றல்ல.

அந்த நடு மணிதான் வாசலை ஆண்டது. இரவு பத்து மணி வாக்கில் 28 முறை அடித்தால் எல்லா வாசலும் மூடப்படும். விடியற்காலை நாலு மணி வாக்கில் 33 முறை அடித்தால் திறக்கும். நேரம் தவறி வந்தவன் விடியும்வரை வெளியில்தான். இரவில் ஊரை மூடும் வழக்கம் வேறு வடிவத்தில் நம் காலம்வரை நீடித்திருக்கிறது: 1945-இல் தொடங்கிய நள்ளிரவு ஊரடங்கு 1982 ஜனவரியில்தான் நீங்கியது. இப்போதோ வாசலுக்கு எதிரே உள்ள நம்தேமுன் சந்தையில் குழந்தைத் துணி மொத்தக் கடைகள் ராத்திரி பதினோரு மணிக்குத்தான் சுறுசுறுப்பாகின்றன. ஆன்சானிலிருந்து களைத்துத் திரும்பிய ஒரு ராத்திரி, மூட்டை மூட்டையாகச் சட்டைகளைத் தோளில் சுமந்துகொண்டு ஓடும் ஆட்களுக்கு வழி விட்டுவிட்டு ஹோட்டலுக்கு வந்தேன். அப்போது வாசலின் திறப்பு மட்டும் மூடியிருந்தது.

திங்கட்கிழமை மாலை கூட்டம் முடிந்ததும், எங்களோடு வேலை செய்யும் கொரியக் கம்பெனிக்காரர் ஒருவர் என்னைச் சந்தைக்குள் சாப்பிடக் கூட்டிப் போனார். வயது நாற்பதை நெருங்கும். பதவியோடு 'நிம்' சேர்த்துக் கூப்பிடுவது அங்கே வழக்கம். நாம் 'சார்' சேர்ப்பது மாதிரி. அவரை நான் சாஜாங்னிம் என்பேன், துணை மேலாளர்.

கத்தியால் வெட்டிய கோதுமை நூடுல்ஸ் சூப்புக்கு அங்கே ஒரு சந்தே இருக்கிறது. கல்குக்சு சந்து. இரண்டு ஆள் உரசாமல் போக முடியாத அகலம். இரு பக்கமும் நீளமான பெஞ்சு. கொதிக்கும் அண்டாவிலிருந்து கண்ணாடியை மூடும் ஆவி. ஒன்று கேட்டால் ஒன்றோடு விடமாட்டார்கள். பார்லி சோறு கேட்டோம். கூடவே ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சூப்பும், காரமான குளிர்ந்த நூடுல்ஸும் வந்தன. பரிமாறிய அம்மாவை சாஜாங்னிம் "இமோ" என்று கூப்பிட்டார். அம்மாவின் உடன்பிறந்தவள் என்று அர்த்தமாம். நம் சித்தி, பெரியம்மா.

நான் ஜன்னலில் பார்த்த டார்ச்சு ஆளைப் பற்றிச் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"நாளைக்குத்தான் அது எரிந்த நாள்," என்றார்.

2008 பிப்ரவரி 10. சந்திரப் புத்தாண்டு விடுமுறையின் கடைசி ஞாயிறு. சாஜாங்னிம் அப்போது கட்டாய ராணுவ சேவையில், வடக்கே ஒரு முகாமில் இருந்தார். இரவு ஒன்பது மணி வாக்கில் கூடத்து டிவியில் நேரடி ஒளிபரப்பு தொடங்கியது. மண்டபத்திலிருந்து புகை வருகிறது, தீயணைப்பு வண்டிகள் சுற்றி நிற்கின்றன, தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். அணைத்துவிடுவார்கள் என்றே எல்லோரும் நினைத்தார்களாம். பத்து மணிக்கு விளக்கணைப்பு. டிவியையும் நிறுத்தியாக வேண்டும்.

"நான் படுக்கப் போனபோது கூரை இருந்தது. புகை மட்டும்தான். காலையில் எழுந்து டிவியைப் போட்டோம். கூரை இல்லை." கொஞ்சம் நிறுத்தி, "யாருமே பேசவில்லை. அதிகாரிகூட எங்களை வரிசையில் நிற்கச் சொல்லவில்லை," என்றார்.

அவர் சொன்னதை அறைக்கு வந்து தேடிப் படித்தேன். தீயணைப்பு வீரர்கள் எப்படித் தோற்றார்கள் என்பதை இங்கே விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ராத்திரியெல்லாம் என்னை உறங்கவிடாமல் செய்தது அதுதான். மரக் கைமரங்கள்மேல் பலகை, பலகைமேல் மரத்துண்டுகளை நிரப்பிய ஒரு படுகை, அதன்மேல் கெட்டியாக மண், மண்மேல் ஓடு. அந்தக் கூரை இப்படித்தான் அமைந்திருக்கிறது. ஒரு சொட்டு மழைகூட இறங்கக் கூடாது என்று தச்சர்கள் பரம்பரை பரம்பரையாகச் செம்மைப்படுத்திய அமைப்பு. தீ பிடித்தது ஓட்டுக்கு அடியில், அந்த மரப் படுகைக்குள். மேலிருந்து எவ்வளவு பீய்ச்சினாலும் தண்ணீர் ஓட்டில் வழிந்து கீழே போனது. கீழிருந்து அடித்தால் பலகை தடுத்தது. மழையை உள்ளே விடாத கூரை அந்தத் தண்ணீரையும் விடவில்லை. கூரையைப் பிரித்தால்தான் நெருப்பை எட்ட முடியும். ஆனால் அப்போது அது நாட்டின் முதலாம் எண் தேசியப் பொக்கிஷம். பிரிக்கலாமா கூடாதா என்ற தயக்கத்தில் நேரம் போனது. கட்டுக்குள் வந்துவிட்டது என்று நினைத்த தீ உள்ளுக்குள்ளேயே பரவி, மறுபடி கிளம்பியது. நள்ளிரவு தாண்டி மேல்தளம் சரிந்து விழுந்தது. பெயர்ப்பலகையை மட்டும் தீயணைப்பு வீரர்கள் கழற்றிவிட்டார்கள்; கீழே விழுந்து அடிபட்டாலும் தப்பித்துக்கொண்டது. நெருப்புக்குக் காவலாக நிறுத்திய எழுத்து.

தீ வைத்தது எழுபதை நெருங்கிய ஒரு முதியவர். தன் நிலத்துக்குக் கிடைத்த இழப்பீடு போதாது என்று பல ஆண்டுகளாக மனுப் போட்டுக் கசந்துபோனவர். பெயிண்டில் கலக்கும் தின்னரை ஊற்றிக் கொளுத்தியிருக்கிறார். பத்தாண்டு சிறைத் தண்டனை. அவரைப் பற்றி எழுத எனக்கு வேறொன்றும் இல்லை.

அவர் எப்படி உள்ளே போக முடிந்தது என்பதுதான் விஷயம். அங்கேதான் அப்பாவின் கேள்விக்கும் பதில் இருந்தது.

1907-இல் ஜப்பானியப் பட்டத்து இளவரசர் வருகையை ஒட்டி வாசலோடு ஒட்டியிருந்த மதிலை இடிக்கத் தொடங்கினார்கள். டிராம் பாதைக்கும் சாலைக்கும் இடம் வேண்டும் என்பது சொன்ன காரணம். அடுத்த வருடத்துக்குள் இரு பக்கமும் போய்விட்டது. பிறகு சாலைகள் வாசலை வளைத்துக்கொண்டு ஓடின. கிட்டத்தட்ட நூறு வருடம் அது ஒரு தீவாகக் கிடந்தது. கொரியப் போரில் அடிபட்டு 1960களின் தொடக்கத்தில் பழுது பார்க்கப்பட்டது, 1962-இல் தேசியப் பொக்கிஷமானது, எல்லா அஞ்சலட்டையிலும் வந்தது. ஆனால் யாரும் அதன் வழியாக நடக்க முடியாது. வண்டிகளுக்கு நடுவே தூரத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். வழி இல்லாத வாசலை என்னவென்று சொல்வது?

2005-இல் ஒரு பக்கச் சாலையை எடுத்துவிட்டுப் புல்வெளி போட்டார்கள். 2006 மார்ச்சில் நடு வளைவைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நூறு வருடம் கழித்து ஆட்கள் மறுபடி அதன் வழியே நடந்தார்கள். ஆனால் பகலில் ஒரு சில காவலர்கள், இரவில் மின்னணு அலாரம் மட்டும் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு வருடம்கூட முழுதாக ஓடவில்லை.

என் தொழிலில் ஒரு பாகம் உடைந்து திரும்பி வந்தால், ஏன் என்று ஐந்து தடவை கேட்போம். ஏன் எரிந்தது? ஒருவர் உள்ளே போனார். ஏன் போக முடிந்தது? திறந்திருந்தது. இந்த இரண்டாவது 'ஏன்'-இலேயே நின்றுவிடுவது மிகச் சுலபம். அப்படியானால் மூடிவிடு, வேலி போடு, திரும்பவும் தீவாக்கு. இப்படி எழுதிய திருத்த அறிக்கைகள் நிறைய என் மேஜைக்கு வந்திருக்கின்றன. உடைந்துவிடும் என்று பயந்து, ஒரு பொருள் எதற்காக இருக்கிறதோ அந்த வேலையையே அதனிடமிருந்து பிடுங்கிவிடுவது. காகிதத்தில் சரியாகத் தெரியும். ஏற்க முடியாது என்று எழுதித் திருப்பி அனுப்புவேன்.

கொரியர்கள் அப்படி நிற்கவில்லை. அடுத்த 'ஏன்'-களுக்குப் போனார்கள். ஏன் யாரும் பார்க்கவில்லை, ஏன் தீயைக் கண்டுபிடிக்க நேரமானது, ஏன் தண்ணீர் எட்டவில்லை? ஐந்து வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, எரிந்த மரத்தில் எதெல்லாம் தாங்குமோ அதையெல்லாம் வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பழைய முறையில் செய்தார்கள். மேல்தளம் பெரும்பாலும் போயிருந்தது. கீழ்த்தளத்தில் பெரும்பகுதியும் கல் மேடையும் பிழைத்திருந்தன. கிழக்குக் கரையில் சாம்சோக் பக்கத்து மலையிலிருந்து செம்பைன் மரங்கள் வந்தன; தனியார் சிலர் தங்கள் நிலத்து மரங்களை வெட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார்கள். மரத்தைக் கோடரியாலும் கைவாளாலும் அறுத்தார்கள். ஓடுகளைக் கையால் பிசைந்து சூளையில் சுட்டார்கள். கிழக்கே 53 மீட்டர், மேற்கே 16 மீட்டர் மதிலையும் திரும்ப எழுப்பினார்கள். நான் ஜன்னலில் பார்த்த வெள்ளைக் கைகள் அவைதான். வெப்பத்தை உணரும் கருவிகள், ஸ்பிரிங்க்ளர், கேமரா, இருபத்து நாலு மணி நேரமும் ஆள் காவல். 2013 மே 4-ஆம் தேதி வளைவு வழியை மறுபடியும் மக்களுக்குத் திறந்தார்கள்.

எனக்கு இந்தக் கடைசி வரிதான் பெரிதாகத் தெரிகிறது. திறந்து வைத்ததால் எரிந்த வாசலைத் திரும்பத் திறந்து வைத்தார்கள்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். மரத்தின்மேல் தீட்டும் தன்சோங் என்ற ஐந்நிற ஓவியம் திறந்த சில மாதத்திலேயே உரியத் தொடங்கிவிட்டது. இயற்கை நிறங்களும் விலங்குப் பசையும் மட்டுமே என்று ஒப்பந்தம். வேலையை எடுத்த கைவினைஞர் ரசாயனச் சாயமும் ரசாயனப் பசையும் கலந்திருந்தது தெரியவந்து, வழக்காகி, பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லித் தீர்ப்பானது. அதைப் படித்தபோது உண்மையிலேயே கோபம் வந்தது. ஒரு நாடே அழுது கட்டிய பொருள். வேலி ஓரம் வெள்ளைச் செவ்வந்தி வைத்துக் கும்பிட்ட ஜனங்களை நினைத்துப் பார்த்திருந்தால் அந்தக் கை கூசியிருக்காதா?

பெரும்பகுதி புது மரம் என்றால் அது பழைய வாசலா என்று சாஜாங்னிமிடம் கேட்டேன். 1448-இலேயே சேஜோங் காலத்தில் பெரிதாகத் திருத்திக் கட்டியிருக்கிறார்கள், 1479-இல் மறுபடி கை வைத்திருக்கிறார்கள் என்றார். அவருக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. கோயிலுக்குக் குடமுழுக்கு செய்யும் ஊர்க்காரனான எனக்கும் யோசித்துப் பார்த்தால் அப்படித்தான்.

அந்த வாரம் முழுவதும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. தினமும் வாசலைப் பார்க்கிறேன், சுற்றிக்கொண்டு மெட்ரோவுக்குப் போகிறேன், ஆனால் ஒரு நாளும் உள்ளே போகவில்லை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரைதான் வழி திறந்திருக்கும். நான் ஏழரைக்கே கிளம்பி, இருட்டிய பிறகு வருகிறேன். எட்டாவது மாடியிலிருந்து பார்ப்பவனுக்கு அது இன்னும் பழைய தீவுதான்.

சனிக்கிழமை காலை கஞ்சியும் கிம்ச்சியும் சாப்பிட்டுவிட்டு, சாவி அட்டையைக் கொடுத்துவிட்டு, ஒன்பது மணிக்கு டிராலிப் பெட்டியோடு வாசலுக்குப் போனேன். என் ஹோட்டல் பழைய நகரின் உள்பக்கம். சியோல் நிலையம் வெளிப்பக்கம். ஆக, நான் போக வேண்டிய வழியே அதுதான். ஜோசன் காலத்து உடையில் நீண்ட கோலோடு காவலர்கள் நின்றார்கள். சற்றுத் தள்ளி, இந்தக் காலத்துக் கோட்டும் தொப்பியுமாக ஒருவர். ராத்திரி டார்ச்சோடு நடந்தவர் இவர்தானா என்று தெரியவில்லை. இருந்தாலும் தலை குனிந்து வணக்கம் சொன்னேன். அவரும் குனிந்தார்.

கல் பொருத்துகளைக் கிட்டத்தில் பார்த்தேன். பழைய கற்கள் பழுப்பேறி, விளிம்பு மழுங்கி, ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்து பழகியிருந்தன. பக்கத்து மதிலின் புதிய கற்கள் வெளுப்பாக, மூலைகள் கூராக. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு. அதை மறைக்க யாரும் முயற்சி செய்யவில்லை. கதவுகளில் மீன் செதிள் போல இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்திருந்தார்கள். வளைவுக்குள் போய் அண்ணாந்து பார்த்தால் மேகங்களுக்கு நடுவே டிராகன்கள். உள்ளே குளிர் ஒரு படி கூடுதலாக இருந்தது. என் பெட்டியின் சக்கரச் சத்தம் கல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. எதிரே ஒரு பாட்டி பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பையன் "ஆ" என்று கத்திக் குரல் எதிரொலிக்கிறதா என்று பார்த்தான். எதிரொலித்தது.

வெளியே வந்து நின்று ஒரு படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். நம் ஊரில் அப்போது விடிந்தும் விடியாத நேரம். உடனே பதில் வந்தது.

"இது உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"வெளிப்பக்கம்ப்பா. இப்பதான் ஊரை விட்டுக் கிளம்புறேன்."